மின்னஞ்சல் இடமாற்றமும் அதன் இடையூறுகளும்

குடியிருக்கும் வீட்டை மாற்றுவோர், பண்டபாத்திரங்களை வண்டியிலேற்றி அனுப்பியவுடன் காரியம் முடிந்ததென்று இருந்துவிடுவதில்லை. பால்காரருக்குச் சொல்லவேண்டும், தபால்காரருக்குச் சொல்லவேண்டும், பழைய வீட்டுக்காரரிடம், யாரேனும் தேடி வந்தால் இன்ன தெருவென்று தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளவும் வேண்டும். மின்னஞ்சலை ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்கு மாற்றுவோரோ பண்டபாத்திரங்களாகிய பழைய கடிதங்களைப் பற்றி மட்டுமே பெரிதும் கவலை கொள்கின்றனர். பின்னர், புதிய கடிதங்கள் வரவில்லையென்றும், தாம் அனுப்பியவை போய்ச் சேரவில்லையென்றும் முறையிடுகின்றனர். அவ்விதம் முறையிட்டவருள் என் சிற்றப்பாவும் ஒருவர். அவருடைய மாற்றத்தைச் செய்துகொடுத்தவன் யானேயாதலின், முறையீட்டையும் யானே கேட்கவேண்டியதாயிற்று. அவ்வனுபவத்தையொட்டி, இவ்விஷயத்தில் அடிக்கடி நேரும் இடையூறுகளையும் அவற்றை நீக்கும் வழிகளையும் நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இஃது ஏதோ ஒரு கடைக்காரருக்கு மட்டும் உரிய சிறு காரியமென்று எவரும் இகழவேண்டா. மத்திய அரசாங்கத்து ஊழியர்களின் மின்னஞ்சல் நெடுங்காலமாக, 1976இல் நிறுவப்பெற்ற தேசியத் தகவலியல் மையத்தின் சர்வர்களிலேயே இருந்துவந்தது. 2023இல் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின்படி, அது ஜோஹோ என்னும் நம் நாட்டுக் கம்பெனியின் அமைப்புக்கு மாற்றப்பட்டது. சுமார் 12 இலட்சம் ஊழியரின் கணக்குகள் அவ்வாறு இடம்பெயர்ந்தனவென்று 2025 அக்டோபரில் செய்தி வெளிவந்தது. ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996இல் தொடங்கிய அக்கம்பெனிக்கு, நம் பக்கத்துத் தென்காசியையடுத்த மத்தளம்பாறையிலும் ஒரு காரியாலயம் உண்டு. இம்மாற்றத்தில் நாம் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. கடிதங்கள் தங்கும் வீடு மாறிற்று, ஆனால் 'நிக்.இன்', 'கவ்.இன்' என்று முடியும் விலாசங்கள் மாறவில்லை. வெளியிலிருந்து எழுதுவோர் பழைய விலாசத்துக்கே எழுதிக்கொண்டிருக்கலாம்.

விலாசம் மாறாமல் வீடு மட்டும் மாறுவது எங்ஙனம்? இதனை விளக்கிக்கொண்டால் பாதி வியாதிக்கு மருந்து தெரிந்துவிடும். 1971இல் ரே டாம்லின்ஸன் என்பார் முதன்முதலாக ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலையின் வழியே கடிதம் அனுப்பியபொழுது, விலாசத்தில் ஆளின் பெயரையடுத்து நின்றது இன்ன கணிப்பொறி என்னும் பெயரே. பொறி மாறினால் விலாசமும் மாறும். 1983இல் பால் மாக்கபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். என்னும் பெயரேட்டு முறையும், 1986இல் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய எம்.எக்ஸ். விதியும் இந்தத் தளையை அவிழ்த்தன. எம்.எக்ஸ். பதிவு என்பது, 'இப்பெயருக்கு வரும் கடிதங்களை இன்ன சர்வரில் கொண்டுபோய்க் கொடுக்க' என்று உலகறியப் பெயரேட்டில் எழுதிவைக்கும் ஒரு வரி. அவ்வரியை மாற்றினால் கடிதங்கள் புதிய வீட்டுக்குப் போகும். எழுதுவோர் ஒன்றும் அறியவேண்டுவதில்லை.

ஆனால், ஏட்டில் வரி மாறிய அக்கணமே உலகம் முழுதும் அதனை அறிந்துவிடுமா? அறியாது. கம்பம் பள்ளத்தாக்கிலே பிறந்தவர்க்கு இதனை விளக்கப் பெரும்பாடு இல்லை. மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்று நீரை 1895இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அந்நீர் இன்றும் நம் வீரபாண்டியைக் கடந்தே வையையை அடைகின்றது. தலைமதகைத் திறந்த நாழிகையிலேயே கடைமடை வயலில் நீர் பாய்ந்ததென்று எந்த உழவரும் சொல்லமாட்டார். அடைத்த பிறகும் வாய்க்காலில் நிற்கும் நீர் சிறிதுநேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதுபோலவே, ஒருமுறை பெயரேட்டைப் பார்த்த சர்வர், அவ்விடையைக் குறித்த காலம்வரையில் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். அக்காலவரையறைக்கு டி.டி.எல். என்று பெயர், அது விநாடிக் கணக்கில் எழுதப்படும். 86,400 என்றிருந்தால் ஒரு நாள். ஆகவே மாற்றத்துக்கு இரண்டு மூன்று நாள் முந்தியே அதனை 300 என்று, அதாவது ஐந்து நிமிஷமாகக் குறைத்துவைப்பது அறிவுடைமை. மாற்றும் அன்றைக்குக் குறைப்பதில் பயனில்லை. பழைய எண்ணையல்லவா மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்!

மின்னஞ்சல் மாற்றத்தில் நேரும் தொல்லைகளுள் பெரும்பாலானவை இந்தப் பழைய நினைவினாலேயே விளைகின்றன என்பது என் அபிப்பிராயம். கடிதம் வழியில் தொலைவது அரிது. யாரும் திறந்துபாராத பழைய வீட்டில் அது கிடப்பதே பெருவழக்கு. இதற்குச் சான்று என் சிற்றப்பாவின் கதையே.

அவர் வீரபாண்டியில் வாழைத்தார் மொத்த வியாபாரம் செய்பவர். சொந்தமாக ஒரு டொமைன் பெயரும், ஒரு சிறு வலைத்தளமும், நான்கு அஞ்சற்பெட்டிகளும் அவருக்கு உண்டு. தளத்தையும் தபாலையும் ஒரே ஹோஸ்டிங் கம்பெனி நடத்திவந்தது. பெட்டிகள் அடிக்கடி நிரம்பிப்போவதால் தபாலை மட்டும் வேறோர் அமைப்புக்கு மாற்றித்தரும்படி கேட்டார். வலைத்தளம் பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்றார். பங்குனி கடைசியில் யான் அதனை முடித்தேன். சித்திரைத் திருவிழா நெருங்கும் காலம் அது. கௌமாரியம்மன் கோயிலுக்கு ஆயிரங்கண் பானையும் அக்கினிச் சட்டியும் எடுப்போர் திரள்திரளாக வந்துசேரும் அந்த எட்டு நாளும் வியாபாரிகளுக்கு மூச்சுவிடப் பொழுதிராது. அத்தகைய சமயத்தில் தபாலில் கைவைத்தது என் முதற் பிழை. வேலை குறைந்த வாரத்தில், அதிலும் வாரக்கடைசியில் செய்யத்தக்க காரியம் இது.

மாற்றியபின் யானே என் ஜிமெயிலிலிருந்து ஒரு கடிதம் அனுப்பினேன், வந்தது. மதுரையிலிருந்து வந்தது, சென்னையிலிருந்தும் வந்தது. நலமென்று இருந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, போடியிலிருந்து ஒரு லாரி வெறுமையாக வந்து மண்டி வாசலில் நின்றது. போடிமெட்டு வழியே மூணாற்றுக்கு வாழைத்தார் அனுப்பும் வியாபாரி ஒருவர், சிற்றப்பாவோடு முப்பதாண்டுப் பழக்கமுடையவர், லாரியோடு தாமே வந்து இறங்கினார்.

"அண்ணே, மூன்று கடிதம் போட்டேன். சரக்கு வேண்டாமென்றால் வேண்டாமென்று ஒரு வரி எழுதக்கூடாதா?" என்றார்.

"தம்பி, சாமி சத்தியமாக ஒரு கடிதமும் வரவில்லை. உம்மிடமிருந்து ஒன்றும் வராததால் இருந்த தாரையெல்லாம் திண்டுக்கல்லுக்கு ஏற்றிவிட்டேனே" என்றார் சிற்றப்பா.

இருவரும் பொய் சொல்பவரல்லர். ஆயினும் அன்று ஒருவரை ஒருவர் நம்பவில்லை. வந்தவர் காபிகூடக் குடியாமல் ஏறிப் போய்விட்டார். சிற்றப்பா என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை; அதுவே எனக்குப் பெரிதும் வருத்தமாயிருந்தது.

இனி, நோயை ஆராய்ந்த விதத்தைக் கூறுகிறேன். போடிக்காரருக்கு, அவர் அனுப்பிய கடிதங்களில் ஒன்றேனும் 'சேர்ப்பிக்கப்படவில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்ததா என்று தொலைபேசியில் விசாரித்தேன். இல்லை என்றார். இக்கேள்வியே எல்லாவற்றிலும் முதலிற் கேட்கத்தக்கது. மின்னஞ்சலை ஏற்க இயலாத சர்வர் வாளாவிருப்பதில்லை. தற்காலிகத் தடையானால் 4இல் தொடங்கும் எண்ணைச் சொல்லும். அனுப்பிய சர்வர் நான்கைந்து நாள்வரையில் மீண்டும் மீண்டும் முயன்றுபார்க்கும். முற்றிலும் மறுப்பதானால் 5இல் தொடங்கும் எண்ணைச் சொல்லும். கடிதம் அனுப்பியவரிடமே திரும்பும். 550 என்னும் எண் பெரும்பாலும் 'அப்படியொரு பெட்டி இங்கே இல்லை' என்பதைக் குறிக்கும். புதிய வீட்டில் எல்லாப் பெயர்களுக்கும் பெட்டி வைப்பதற்கு முன்னரே எம்.எக்ஸ். வரியை மாற்றிவிட்டவர்க்கு இது நேரும். 'கணக்கர்', 'விசாரணை' என்பன போன்ற துணைவிலாசங்களை மறந்துவிடுவோர் பலர். கடிதம் சேரவுமில்லை, திரும்பவுமில்லை என்றால், எங்கோ ஒரு சர்வர் அதனைத் தன்னுடையதென்று ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். வந்த இடத்தில் அது குப்பைக் கடிதமென்று ஒதுக்கப்பட்டும் இருக்கலாம். அந்த உறையை முன்னமே துழாவிவிட்டேன், அங்கே இல்லை.

எந்த சர்வர் ஏற்றது? போடிக்காரரின் தபாலை நடத்துவது யாரென்று கேட்டபொழுது விடை கிடைத்தது. அவரும் சிற்றப்பாவின் பழைய ஹோஸ்டிங் கம்பெனியிலேயே, அதுவும் அதே சர்வரிலேயே, கணக்கு வைத்திருந்தார். அந்த சர்வரில் சிற்றப்பாவின் வலைத்தளம் இன்னும் இருந்தமையால், அந்த டொமைன் தனக்குரியதென்றே அது எண்ணிக்கொண்டிருந்தது. தன் வீட்டிலுள்ளவருக்குத் தன் வீட்டிலுள்ள மற்றொருவர் எழுதிய கடிதத்துக்கு, உலகப் பெயரேட்டை அது ஏன் புரட்டப்போகிறது? நேரே பழைய பெட்டியில் போட்டுவிட்டது. பழைய பெட்டியைத் திறந்தேன். பதினொரு கடிதங்கள் கிடந்தன. மூன்று போடிக்காரருடையவை, எஞ்சியவை, வலைத்தளத்து விசாரணைப் படிவத்தின் வழியே வாடிக்கைக்காரர் எழுதியவை. அப்படிவமும் அதே சர்வரிலிருந்துதானே புறப்படுகிறது!

இதற்குப் பரிகாரம் சிறியது. ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில் அஞ்சல் வழிப்படுத்தல் என்னும் இடத்தில், இந்த டொமைனுக்குரிய அஞ்சல் உள்ளூரில் அன்று, வெளி சர்வரில் என்று மாற்றிவைக்கவேண்டும். இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷத்தை முன்னமே செலவிடாததற்கு ஒரு லாரி வாடகையும், முப்பதாண்டு நட்பில் ஒரு விரிசலும் விலையாயின. உலகமெங்குமிருந்து கடிதம் வருகிறது, ஒரே ஒருவரிடமிருந்து மட்டும் வரவில்லை என்று யாரேனும் சொன்னால், அவர் பழைய வீட்டின் அண்டைவீட்டுக்காரரா என்று முதலில் விசாரிக்கவும்.

அடுத்தது, அனுப்பும் கடிதங்கள் பிறர் பெட்டியில் குப்பையென்று ஒதுக்கப்படும் தொல்லை. இதுவும் பழைய நினைவின் வேலையே. இன்னின்ன சர்வர்கள்தாம் என் பெயரால் கடிதம் அனுப்ப உரிமையுடையவை என்று பெயரேட்டில் எழுதிவைக்கும் வரிக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். அவ்வரியில் பழைய சர்வரின் பெயர் மட்டும் இருந்தால், புதிய வீட்டிலிருந்து புறப்படும் கடிதம் ஐயத்துக்கு இடமாகும். புதிதாக மற்றொரு எஸ்.பி.எஃப். வரியை எழுதிச் சேர்த்துவிடுவோர் பலர், அது பெருந்தவறு. ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான் இருக்கலாம். இரண்டிருந்தால் இரண்டுமே பயனற்றுப்போகும். இரு வீட்டின் பெயரையும் ஒரே வரியில் எழுதி, மாற்றம் நிலைத்தபின் பழையதை நீக்குவதே முறை. அவ்வரியைச் சரிபார்க்கப் பெயரேட்டைப் பத்துமுறைக்குமேல் புரட்டவேண்டி நேரலாகாது என்பதும் விதி. டி.கே.ஐ.எம். என்பது கடிதத்தில் இடும் முத்திரை போன்றது. புதிய அமைப்பு தரும் திறவுகோலைப் பெயரேட்டில் பதிந்தாலன்றி அம்முத்திரை செல்லாது. இவ்விரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்வதென்று, பெறுவோருக்கு அறிவிக்கும் வரி டிமார்க். 2024 பிப்ரவரி முதல், கூகிளும் யாஹூவும் தம் பெட்டிகளுக்குக் கடிதம் அனுப்புவோர் விஷயத்தில் இவற்றைக் கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கின. நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்குமேல் அனுப்புவோர்க்கு மூன்றும் இன்றியமையாதன. இது பெருவாணிகர்க்கு மட்டும் என்று சிறியவர்கள் அசட்டையாக இருப்பது நன்றன்று.

மண்டியில் இன்னொரு வேடிக்கையும் நேர்ந்தது. ஆட்கள் அனுப்பும் கடிதங்கள் செவ்வையாகச் சென்றன. கணக்குச் செயலியிலிருந்து தானே போகும் ரசீதுகள் மட்டும் போகவில்லை. மூலையில் கிடக்கும் ஸ்கேனரும் ஊமையாயிற்று. இவையிரண்டிலும் பழைய சர்வரின் பெயரும் கடவுச்சொல்லும் யாரோ எக்காலத்திலோ எழுதிவைத்தவை. மனிதர்களுக்குச் சொன்னோமேயன்றி இயந்திரங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டோம். மாற்றத்துக்கு முன்னர், தபால் அனுப்பும் இயந்திரம், செயலி, படிவம் யாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நலம். இரட்டைச் சரிபார்ப்பு வைத்த கணக்கில், இத்தகைய இயந்திரங்கள் வழக்கமான கடவுச்சொல்லைக் கொண்டு நுழைய முடியாது. பல அமைப்புகளில் அதற்கென்று 'ஆப் பாஸ்வேர்டு' என்னும் தனிச்சொல் ஒன்று வாங்கித்தரவேண்டும்.

இனிப் பழைய கடிதங்களைக் கொண்டுசெல்லுதல். ஐமேப் என்பது 1986இல் மார்க் கிரிஸ்பின் வகுத்த முறை. கடிதங்கள் சர்வரிலேயே இருக்க, நாம் சென்று பார்ப்பது அதன் இயல்பு. அதற்கு முற்பட்ட பாப் முறையோ, கடிதத்தைக் கீழே இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து நீக்கிவிடும் வழக்கமுடையது. சிற்றப்பாவின் நான்கு பெட்டிகளுள் ஒன்றில் எட்டாண்டுக் கடிதங்கள் இருக்கவேண்டியிருக்க, நாற்பதே இருந்தன. சர்வர் இழந்துவிட்டதென்று அஞ்சினோம். கணக்கரின் பழைய கணிப்பொறியில் எல்லாம் பத்திரமாக இருந்தன. அக்கணிப்பொறியைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட அதற்கு முந்தின வாரந்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்!

ஐமேப்சிங்க் போன்ற செயலிகள் இரு வீட்டையும் ஒரே சமயத்தில் திறந்துவைத்துக்கொண்டு, கடிதங்களை ஒவ்வொன்றாக நகலெடுக்கும். பாதியில் நின்றால் அஞ்சவேண்டா. மீண்டும் ஓடவிட்டால், முன் சென்றவற்றை அடையாளம் கண்டு விட்டுவிட்டு எஞ்சியவற்றை எடுக்கும். நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் நாளளவு. ஜிமெயில் ஐமேப் வழியே நாளொன்றுக்கு 2,500 எம்.பி. இறக்கவும் 500 எம்.பி. ஏற்றவுமே இடந்தருகிறது. 20 ஜி.பி. பெட்டியை அதில் ஏற்ற நாற்பது நாளாகும் என்பதை முன்னமே கணக்கிட்டுக்கொள்ளாதவர், செயலி பழுதென்று நோவர். ஜிமெயிலில் மற்றொரு விசேஷம்: அங்கே இருப்பவை உறைகள் அல்ல, சீட்டுகள். ஒரே கடிதத்தில் மூன்று சீட்டு ஒட்டியிருந்தால், ஐமேப் வழியே பார்ப்பவருக்கு அது மூன்று உறையிலும், 'எல்லா அஞ்சலும்' என்னும் நான்காவதிலுமாகத் தோன்றும். புதிய வீட்டில் ஒன்று நான்காகும். 'எல்லா அஞ்சலும்' என்பதை நீக்கி நகலெடுத்தால் பெருமளவு குறையும். ஆனால் சீட்டே இல்லாமல் அதில் மட்டும் கிடக்கும் கடிதங்கள் விட்டுப்போகாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். கடிதங்கள் யாவும் மாற்றிய நாளின் தேதியையே காட்டுவதும் உண்டு. வந்துசேர்ந்த தேதியைச் செயலி கூடக் கொண்டுசெல்லாமையே காரணம். பெரிய இணைப்புகளுடையவை மறுக்கப்படுவதற்குக் காரணம் வேறு: இணைப்பு கடிதத்துள் புகும்பொழுது மூன்றிலொரு பங்கு பருத்துவிடுகிறது; 20 எம்.பி. படம் 27 எம்.பி. ஆகும். விலாசப் புத்தகமும் நாட்காட்டியும் வடிகட்டும் விதிகளும் ஐமேப் வழியே வாரா. அவற்றைத் தனியே எடுத்துச்செல்லவேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கென்று ஒரு தனித்தொல்லையும் உண்டு. பழைய கடிதங்கள் சில புதிய வீட்டில் திறந்தபொழுது, ஐரோப்பிய எழுத்துகள் மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டுக் குவிந்தாற்போலத் தோன்றின. சிற்றப்பா, மாற்றத்தால் கெட்டுவிட்டதென்றார். இல்லை, அவை யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருக்களில் எழுதப்பெற்றவை. 1990களில் டிஸ்கி முதலான பல குறியீட்டு முறைகள் வழங்கின. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்பவற்றை வகுத்தது. 2010இலேதான் தமிழ்நாட்டரசு யூனிகோடைத் தன் முறையாக அறிவித்தது. அக்காலக் கடிதங்கள் தாம் எம்முறையில் எழுதப்பட்டன என்பதைத் தலைப்பில் பெரும்பாலும் சொல்வதில்லை. பழைய கணிப்பொறியில் அந்த எழுத்துரு இருந்தமையால் படிக்க முடிந்தது. கடிதத்தைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் நகலைப் பொங்குதமிழ் போன்ற மாற்றியில் இட்டால் தமிழ் மீளும். உறைகளுக்குத் தமிழிற் பெயரிட்டோர்க்கும் ஒரு சொல்: ஐமேப் அப்பெயர்களை வேறொரு குறியீட்டில் மாற்றியே கொண்டுசெல்கிறது, அதனைச் செயலி உணராவிடில் பெயர் சிதைந்து தோன்றும். உள்ளிருக்கும் கடிதங்களுக்குக் கேடில்லை. பெயரை மீண்டும் எழுதிக்கொண்டால் போதும்.

சொந்த டொமைன் இல்லாமல், இலவச அமைப்பின் விலாசத்தையே பெயராகக் கொண்டவர்க்கு மேற்சொன்ன எம்.எக்ஸ். சௌகரியம் இல்லை. வீடு மாறினால் அவர்கள் விலாசமும் மாறும். அத்தகையோர் பழைய கணக்கை மூடாமல், வருபவற்றைப் புதிய விலாசத்துக்குத் திருப்பிவிடுமாறு செய்து, வங்கி, வருமான வரி, ஜி.எஸ்.டி., பரீட்சை விண்ணப்பம் என்று அவ்விலாசம் பதிந்துள்ள இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றவேண்டும். கடவுச்சொல் மறந்தால் மீட்புக் கடிதம் பழைய விலாசத்துக்கே போகும் என்பதை நினைத்தால் அவசரம் விளங்கும். பட்டம் பெற்றுச் செல்லும் மாணவர், கல்லூரி தந்த விலாசத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தால் இதனைச் சற்று யோசிக்கவும்.

பதினொரு கடிதங்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை பஸ்ஸில் யான் போடிக்குப் போனேன். அவருடைய மூன்று கடிதங்களையும், அவை பழைய பெட்டியில் வந்துசேர்ந்த நேரத்தையும் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, தம் தபாலையும் எப்பொழுது மாற்றித்தர முடியும் என்று கேட்டார். ஆடி முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சிற்றப்பாவின் பழைய பெட்டிகளை இன்னும் மூடவில்லை; வாரத்துக்கொருமுறை கணக்கர் திறந்துபார்க்கிறார். சென்ற மாதம் ஒரு கடிதமும் அதில் வரவில்லை.